ஒரு குப்பி இன்டர்லூகின்-2: ரீகாம்பினன்ட் சைட்டோகைன்களை லேபில் கையாள ஒரு முழு வழிகாட்டி

"அக்கா, குப்பி காலியா வந்திருக்கு."

லேபில் புதிதாகச் சேரும் மாணவர்களில் யாராவது ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தச் செய்தியோடு என் மேசைக்கு வந்து நிற்பார். கையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குப்பி, லேபிளில் 10 மைக்ரோகிராம் என்று அச்சு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இயல்பு. நாம் சோற்றில் தூவுகிற தூள் உப்பின் ஒரே ஒரு மணியைவிட 10 மைக்ரோகிராம் குறைவு. உறையவைத்து உலர்த்திய அந்தப் புரதம் அடியிலோ சுவரிலோ மூடியின் உட்பக்கத்திலோ கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். காலி என்று நினைத்து மூடியைச் சட்டென்று திறந்தால் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய சரக்கில் பாதி மூடியோடு போய்விடும்.

அந்த மாணவர்களுக்கு நின்ற இடத்திலேயே சொல்லிக்கொடுத்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சைட்டோகைன் என்பது நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதம். அதன் மரபணுவை பாக்டீரியாவிலோ வேறு செல்லிலோ ஏற்றித் தயாரித்தால் ரீகாம்பினன்ட் சைட்டோகைன். எல்லாவற்றையும் பொதுவாகப் பேசினால் கையில் எதுவும் நிற்காது என்பதால் இன்டர்லூகின்-2 என்ற ஒரே குப்பியைப் பிடித்துக்கொண்டு போகிறேன். மற்றவை வழியில் வரும். முழுக்க மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குப்பியின் மேல் எழுதியிருப்பது எடை. நம் செல்லுக்குத் தெரிவது எடை அல்ல, அந்தப் புரதம் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்பது மட்டுமே. இரண்டும் ஒன்று என்று நம்பித் தொடங்குகிற சோதனைகள்தான் ஆறு மாதம் கழித்து அழவைக்கும்.

ஆர்டர் போடுவதற்கு முன்

1976-இல் ராபர்ட் காலோவின் ஆய்வுக்குழுவில் மார்கனும் ரஸ்செட்டியும், மனித டி செல்களை (ஒரு வகை வெள்ளை ரத்த அணு) உடலுக்கு வெளியே நீண்ட நாள் வளரவைக்கும் ஒரு காரணி தூண்டப்பட்ட செல்களின் மீடியத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். 'டி செல் வளர்ச்சிக் காரணி' என்று அப்போது பெயர். 1983-இல் ஜப்பானில் தனிகுச்சியின் குழு அதன் மரபணுவை க்ளோன் செய்தது. பிறகு ஈ.கோலை பாக்டீரியாவே அதைச் செய்துதரத் தொடங்கியது.

இந்த வரலாறு ஆர்டர் போடும்போது உதவும். மனித இன்டர்லூகின்-2 133 அமினோ அமிலம் கொண்ட, சுமார் 15.5 கிலோடால்டன் எடையுள்ள சிறிய புரதம். அதில் மூன்று சிஸ்டைன்கள்: 58, 105, 125. முதல் இரண்டும் கைகோத்து டைசல்ஃபைடு பிணைப்பு ஆகும். 125-ஆவது தனியாக நிற்கும். பாக்டீரியாவுக்குள் புரதம் மடங்காமல் கட்டியாகக் குவிந்து, வெளியே எடுத்து மறுபடி மடிக்கும்போது, இந்தத் தனிச் சிஸ்டைன் தவறான கையைப் பிடித்துவிடும். அதனால்தான் அதைச் செரினாக மாற்றிய வடிவம் வந்தது. ஆல்டெஸ்லூகின் என்ற மருந்து அந்த வகைதான். சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீங்கள் வாங்கும் குப்பியில் இருப்பது இயற்கை வரிசையா, 125-இல் செரின் வைத்ததா என்று டேட்டாஷீட் சொல்லும். இரண்டும் வேலை செய்யும். ஆனால் ஒரே ஆய்வின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறாதீர்கள்.

அடுத்து, எந்த உயிரினத்தின் புரதம், எந்த உயிரினத்தின் செல். இங்கே தர்க்கம் உதவாது, தெரிந்துவைத்திருக்க வேண்டும். மனித இன்டர்லூகின்-2 எலி செல்லில் நன்றாக வேலை செய்யும், எலியுடையது மனித செல்லில் சரியாக எடுபடாது. இன்டர்லூகின்-6-ம் அதே ஒருவழிப் பாதை. மனித எம்-சி.எஸ்.எஃப். என்ற சைட்டோகைன் எலி எலும்பு மஜ்ஜையிலிருந்து மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் செல்களை வளர்க்க உதவும். இன்டர்ஃபெரான்-காமா, இன்டர்லூகின்-4, ஜி.எம்-சி.எஸ்.எஃப். மூன்றும் கறார்: மனிதனுடையது மனிதனுக்கு, எலியுடையது எலிக்கு. டி.என்.எஃப்.-ஆல்ஃபா இன்னும் நுட்பம். மனித டி.என்.எஃப். எலி செல்லின் முதல் ஏற்பியை (சேதியை வாங்கும் மேற்பரப்புப் புரதம்) பிடிக்கும், இரண்டாவதைப் பிடிக்காது. பாதி விளைவு வரும். பாதி விளைவு வந்தால் 'வேலை செய்கிறது' என்று நினைத்துவிடுவோம். முற்றிலும் வேலை செய்யாமல் போவதைவிட அது மோசம்.

எந்தச் செல்லில் தயாரித்தது என்பதையும் பாருங்கள். ஈ.கோலை சர்க்கரைச் சங்கிலிகளைப் புரதத்தில் ஒட்டாது. ஹெக்293, சி.ஹெச்.ஓ. போன்ற பாலூட்டி செல்கள் ஒட்டும். ஜி.எம்-சி.எஸ்.எஃப். மருந்தாகவே மூன்று விதத்தில் வந்திருக்கிறது: ஈ.கோலையில் மோல்கிராமோஸ்டிம், ஈஸ்ட்டில் சார்கிராமோஸ்டிம், சி.ஹெச்.ஓ.வில் ரெக்ராமோஸ்டிம். இன்டர்லூகின்-2-க்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும் குறை இல்லை, ஈ.கோலைச் சரக்கு போதும். ஆனால் ஈ.கோலையில் செய்தது என்றாலே எண்டோடாக்சின் கேள்வி கூடவே வரும். அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கடைசியாக, கேரியர். பல குப்பிகளில் புரதம் நிலைத்து நிற்பதற்காக மாட்டு ஆல்புமின், அதாவது பி.எஸ்.ஏ., சேர்த்திருப்பார்கள். சாதாரண செல் கல்ச்சருக்கு அது நல்லது. புரதத்தோடு சாயத்தையோ பயோட்டினையோ இணைக்கப் போகிறீர்கள் என்றாலோ விலங்குக்குள் செலுத்தப் போகிறீர்கள் என்றாலோ கேரியர் இல்லாததை வாங்குங்கள். இல்லாவிட்டால் சாயம் முழுவதும் ஆல்புமினில்தான் ஒட்டும்.

டேட்டாஷீட்டை இப்படிப் படியுங்கள்

மாணவர்கள் முதலில் தூய்மை விழுக்காட்டைத்தான் பார்க்கிறார்கள். 95-க்கு மேல், 97-க்கு மேல் என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஈ.டி.50. அதிகபட்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு அது. பக்கத்திலேயே எந்தச் செல்லில் அளந்தார்கள் என்று இருக்கும். இன்டர்லூகின்-2 என்றால் பெரும்பாலும் சி.டி.எல்.எல்-2 என்ற எலி டி செல் வரிசை. இன்டர்லூகின்-2 கிடைக்காவிட்டால் செத்துப்போகும் செல் அது, அதனால் அளவுகோலாக ஆனது. இன்டர்லூகின்-15-க்கும் அது வளரும் என்பதை மறக்க வேண்டாம்.

ஈ.டி.50-ஐ வைத்து யூனிட் கணக்கு போடலாம். ஈ.டி.50 நானோகிராம்/மில்லிலிட்டரில் இருந்தால், 10 லட்சத்தை அதால் வகுத்தால் ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் என்று வரும். ஈ.டி.50 0.1 என்றால் மில்லிகிராமுக்கு 1 கோடி யூனிட்.

ஆனால் அந்த 'யூனிட்' யாருடைய யூனிட்? உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசத் தரப் புரதத்தோடு ஒப்பிட்டு அளந்தால் மட்டுமே அது சர்வதேச யூனிட். வெறும் யூனிட் என்று போட்டிருந்தால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கணக்காக இருக்கலாம். 1980-களின் கட்டுரைகளில் சீட்டஸ் என்ற கம்பெனியின் பெயரில் சீட்டஸ் யூனிட் என்று ஒன்று வரும். ஒரு சீட்டஸ் யூனிட் சர்வதேசக் கணக்கில் 6. பழைய கட்டுரையில் 1000 யூனிட் என்று படித்துவிட்டு நீங்கள் 1000 சர்வதேச யூனிட் போட்டால் ஆறில் ஒரு பங்குதான் போடுகிறீர்கள். புற்றுக்கட்டிக்குள் புகுந்த டி செல்களை வளர்க்கும் முறைகளில் இன்றும் வரும் 6000 சர்வதேச யூனிட் என்ற எண்ணைப் பாருங்கள், சரியாக 1000 சீட்டஸ் யூனிட்.

ஆல்டெஸ்லூகினில் 1.1 மில்லிகிராம் 1 கோடியே 80 லட்சம் சர்வதேச யூனிட்டுக்குச் சமம். அதாவது ஒரு நானோகிராமுக்குச் சுமார் 16.4. இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் டோஸ் என்பது வெறும் எண் அல்ல என்று எனக்கே புரியவைத்தது இதுதான்.

டி செல்லின் மேல் இன்டர்லூகின்-2-க்கு மூன்று துண்டு ஏற்பி: ஆல்ஃபா, பீட்டா, காமா. மூன்றும் சேர்ந்திருந்தால் பிடிப்பு மிக இறுக்கம், சுமார் 10 பிகோமோலார். ஆல்ஃபா இல்லாமல் பீட்டாவும் காமாவும் மட்டும் இருந்தால் சுமார் 1 நானோமோலார், நூறு மடங்கு தளர்வு. 15.5 கிலோடால்டன் புரதத்துக்கு 10 பிகோமோலார் என்றால் மில்லிலிட்டருக்கு 0.155 நானோகிராம், ஏறத்தாழ 2.5 சர்வதேச யூனிட். 1 நானோமோலார் என்றால் 15.5 நானோகிராம், ஏறத்தாழ 250 யூனிட். ஆகவே கல்ச்சரில் 5 யூனிட் போட்டால் ஆல்ஃபா துண்டை, அதாவது சி.டி.25-ஐ, நிறைய வைத்திருக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள்தான் முதலில் குடிக்கும். 500 போட்டால் ஆல்ஃபா இல்லாத செல்களும் பந்தியில் உட்கார்ந்துவிடும். ஒரே புரதம், ஒரே குப்பி. டோஸ் மாறினால் யாருக்குச் சேதி போகிறது என்பதே மாறிவிடுகிறது.

பார்சல் வந்த அன்று

உறையவைத்து உலர்த்திய புரதங்கள் சாதாரண வெப்பத்தில் சில நாள் பயணத்தைத் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. பெரும்பாலும் ஐஸ் இல்லாமலோ ஜெல் பேக்கோடோதான் வரும். ஜெல் உருகிப்போயிருந்தால் உடனே பதற வேண்டாம். ஆனால் திரவமாக அனுப்பப்பட்ட புரதம் உலர்பனிக் கட்டியோடுதான் வர வேண்டும், பெட்டியைத் திறக்கும்போது கட்டி மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். சென்னையின் மே மாத வெயிலில் சுங்கக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது என்பது பெட்டியின் மேல் உள்ள தேதிகளிலிருந்து தெரியும். அந்தத் தேதிகளையும் லாட் நம்பரையும் (தயாரிப்புத் தொகுதி எண்) அன்றே நோட்டில் எழுதுங்கள். வந்த நாளிலேயே கரைக்க வேண்டிய அவசியம் இல்லை. உலர்ந்த நிலையில் -20 டிகிரியில் அது நிம்மதியாக இருக்கும், கரைத்த பிறகுதான் அதன் கடிகாரம் ஓடத் தொடங்கும். சோதனை தயாராவதற்கு முன் கரைத்துவைக்காதீர்கள்.

கரைத்தல்

ஃப்ரீஸரிலிருந்து எடுத்த குப்பியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும், கடலோர ஊர்களில் இது இன்னும் வேகம். பிறகு மைக்ரோசென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுழற்றுங்கள். மூடியில் ஒட்டியது அடிக்கு வரும். அந்த 'காலிக் குப்பி' மாணவருக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்: "திறக்காதே, முதல்ல ஸ்பின் பண்ணு."

எதில் கரைப்பது என்பது டேட்டாஷீட் சொல்வதுதான். அதில் சொந்த யோசனை வேண்டாம். இன்டர்லூகின்-2 நடுநிலை பி.எச்.-இல் செறிவாக இருந்தால் திரளும் குணமுள்ளது. அதனால் பல தயாரிப்புகளுக்கு நீர்த்த அசெட்டிக் அமிலம் சொல்லியிருப்பார்கள். டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சைட்டோகைனுக்கு 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஆல்புமினும். இன்டர்லூகின்-4, ஜி.எம்-சி.எஸ்.எஃப். போன்றவை பெரும்பாலும் பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலிலேயே கரையும். எல்லாவற்றுக்கும் பி.பி.எஸ். ஊற்றுகிற பழக்கம் பல லேப்களில் உண்டு. கரைந்த மாதிரிதான் தெரியும், திரண்ட துகள்கள் கண்ணுக்குத் தெரியாது.

10 மைக்ரோகிராம் குப்பிக்கு 100 மைக்ரோலிட்டர் திரவம், ஸ்டாக் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். இதைவிட நீர்த்துக் கரைக்காதீர்கள். செறிவு குறையக் குறைய, பிளாஸ்டிக் சுவரில் ஒட்டி இழக்கும் பங்கு கூடும். திரவத்தைச் சுவரோரமாக மெல்ல இறக்கி, குப்பியைச் சாய்த்துச் சுழற்றிச் சுவர் முழுவதும் நனையவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். வோர்ட்டெக்ஸ் கருவியில் வைத்து வேகமாகக் குலுக்க வேண்டாம், பைப்பெட்டால் மேலும் கீழும் இழுத்து நுரை கிளப்பவும் வேண்டாம். நுரையின் குமிழிப் பரப்பில் புரதம் விரிந்து உருக்குலையும். அவசரமாகச் செய்பவர்களின் கையை இந்த ஒரு கட்டத்தில் நான் பிடித்தே நிறுத்துவேன்.

பிரித்து வைத்தல்

ஸ்டாக்கை அன்றே சிறு பங்குகளாகப் பிரித்துவிட வேண்டும். ஒரு பங்கு ஒரு சோதனைக்குப் போதுமான அளவு. 10 மைக்ரோலிட்டர் வீதம் போட்டால் ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோகிராம். கேரியர் இல்லாத புரதம் என்றால், உங்கள் சோதனை அனுமதிக்கும் பட்சத்தில், 0.1 விழுக்காடு பி.எஸ்.ஏ. சேர்த்த பிறகு பிரியுங்கள். புரதம் ஒட்டாத வகை ட்யூப்கள் கிடைத்தால் அவைதான் நல்லது. -80 டிகிரியில் வைத்து, ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்காமல் 4 டிகிரியில் வைத்துச் சில நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி தானாகப் பனி உருக்கும் ஃப்ரீஸரில் வைக்காதீர்கள். அது அவ்வப்போது சூடேறி இறங்கும், உங்கள் பங்கு உங்களுக்கே தெரியாமல் உருகி உறைந்துகொண்டிருக்கும். மின்வெட்டுக்குப் பிறகும் இதே கதைதான். எங்கள் ஃப்ரீஸரில் ஒரு சின்ன ட்யூபில் தண்ணீரை உறையவைத்து, அந்தப் பனியின் மேல் ஒரு ஸ்டீல் குண்டை வைத்திருக்கிறோம். குண்டு உள்ளே இறங்கியிருந்தால் நடுவில் உருகியிருக்கிறது என்று அர்த்தம். செலவில்லாத காவல்காரன்.

டேட்டாஷீட் எண்ணை நம்பாமல் உங்கள் செல்லில் அளந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். 'அந்தக் கட்டுரையில் 20 நானோகிராம் போட்டிருக்கிறார்கள், நானும் போடுகிறேன்' என்பது வாதம். அவர்களுடைய லாட் வேறு, சீரம் வேறு, செல் வேறு, செல்லின் எண்ணிக்கை வேறு. ஒரு நாள் செலவழித்து ஒரு டோஸ் வரைபடம் போட்டால் பிறகு வரும் ஆறு மாதமும் நிம்மதி.

மனித ரத்த செல்களில் எளிதாகச் செய்யக்கூடியது ஸ்டாட்5 சோதனை. ரத்தம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, தானம் தருபவரின் ஒப்புதல், இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு எல்லாம் முதலில். இன்டர்லூகின்-2 ஏற்பியைத் தொட்டதும் சில நிமிடங்களில், சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்டாட்5 புரதத்தில் பாஸ்பேட் ஏறும். அதை ஆன்டிபாடியால் பிடித்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்க்கலாம்.

100 மைக்ரோகிராம் ஸ்டாக்கிலிருந்து நேராக 1 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மில்லிலிட்டரில் விட்டால் கணக்குப்படி மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம்தான் வரும். ஆனால் 1 மைக்ரோலிட்டரை நம்பிக்கையாக எடுக்கும் கை அரிது. 10 மைக்ரோலிட்டர் ஸ்டாக்கை 90 மைக்ரோலிட்டர் மீடியத்தில் கலந்து இடைநிலை ஸ்டாக் செய்யுங்கள். அந்த மீடியத்தில் சீரமோ 0.1 விழுக்காடு ஆல்புமினோ கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் பி.பி.எஸ்.-இல் நானோகிராம் அளவுக்கு நீர்த்தால் உங்கள் சைட்டோகைனில் கணிசமான பங்கு ட்யூப் சுவருக்குத்தான் சொந்தம். இடைநிலை ஸ்டாக்கிலிருந்து மேல் டோஸ் 100 நானோகிராம் செய்து, மூன்று மடங்காக நீர்த்துக்கொண்டே இறங்குங்கள்: 100, 33, 11, 3.7, 1.2, 0.41, 0.14, 0.05. கடைசியில் சைட்டோகைன் இல்லாத ஒன்று. ஒவ்வொரு படிக்கும் டிப் மாற்றுங்கள். மேல் டோஸின் ஒரு துளி கீழ் டோஸில் விழுந்தால் வரைபடமே பொய்.

ஒவ்வொரு ட்யூபிலும் ஏறத்தாழ 5 லட்சம் செல்கள். 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, உடனே ஃபார்மால்டிஹைடு விட்டு 10 நிமிடம் நிலைநிறுத்துங்கள். கழுவி, ஐஸில் வைத்துக் குளிர்ந்த மெத்தனால் விட்டு அரை மணி நேரம் செல்லின் சவ்வைத் திறந்து, பிறகு சாயமேற்றுங்கள். 15 நிமிடம் என்றால் 15 நிமிடம்தான். எல்லா ட்யூபிலும் சைட்டோகைன் ஒரே இடைவெளியில் விழ வேண்டும், நிலைநிறுத்தியும் அதே இடைவெளியில். மெத்தனால் சில சாயங்களையும் சில ஆன்டிபாடிகள் பிடிக்கும் இடங்களையும் கெடுத்துவிடும் என்பதால் செல் மேற்பரப்புக் குறிகளுக்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள்.

திரையில் ஒரு அழகான காட்சி வரும். மேலே காகிதத்தில் போட்ட கணக்கு ஒரே ட்யூபுக்குள் உயிரோடு நிற்கும். சி.டி.25 நிறைந்த ஒழுங்குபடுத்தும் டி செல்கள் 0.14 நானோகிராம் அளவிலேயே எழுந்துவிட்டிருக்கும். தூங்கிக்கொண்டிருக்கும் சி.டி.8 வகை டி செல்கள் 10-க்கு மேல் போனால்தான் அசையும். முதல் முறை இதைப் பார்க்கும் மாணவர்கள் கேட்காமலேயே அடுத்த சோதனையை யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

செல் பெருக்கத்தை அளக்க வேண்டுமானால் சி.டி.எல்.எல்-2-ஐயோ, பி.எச்.ஏ. என்ற தூண்டுபொருளைக் கொடுத்து மூன்று நாள் தூண்டிய மனித டி செல்களையோ எடுங்கள். பழைய மீடியத்தில் உள்ள இன்டர்லூகின்-2-ஐ இரண்டு மூன்று முறை கழுவிவிட்ட பிறகு தொடங்க வேண்டும். கழுவாவிட்டால் பூஜ்யம் என்று நினைப்பது பூஜ்யமாக இருக்காது. 48 மணி நேரம் கழித்து ரெசாசுரின் போன்ற சாயத்தால் அளக்கலாம். தட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகும், அங்கே செல் போடாமல் பி.பி.எஸ். நிரப்புங்கள்.

வரைபடத்தை மடக்கை அச்சில் போட்டு நான்கு அளவுரு வளைவைப் பொருத்துங்கள். மேலே தட்டையாவதும் கீழே தட்டையாவதும் இரண்டும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று தெரியாவிட்டால் டோஸ் வரம்பு போதவில்லை. உங்கள் சோதனைக்கு எந்த டோஸ் என்பது கேள்வியைப் பொறுத்தது. தடுப்பானின் விளைவைப் பார்க்கிறீர்கள் என்றால் வளைவின் செங்குத்தான நடுப்பகுதி. உச்சத்தில் உட்கார்ந்துகொண்டு தடுப்பானைச் சோதித்தால் பாதித் தடுப்பு கண்ணிலேயே படாது.

எண்டோடாக்சின்

ஈ.கோலையின் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடுதான் எண்டோடாக்சின். டி செல்கள் அதை அதிகம் பொருட்படுத்தாது. மோனோசைட், மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல் ஆகிய நோயெதிர்ப்பு செல்கள் அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவை. மில்லிலிட்டருக்குப் பத்து இருபது பிகோகிராமுக்கே விழித்துக்கொள்ளும்.

இரண்டு சைட்டோகைனை வைத்துக் கணக்கு போடுங்கள். மோனோசைட்டை டென்ட்ரிடிக் செல்லாக மாற்றுவதற்கு சல்லுஸ்டோவும் லன்சவெக்கியாவும் 1994-இல் காட்டிய வழி ஜி.எம்-சி.எஸ்.எஃப்.-ம் இன்டர்லூகின்-4-ம். இரண்டையும் 50 நானோகிராம் வீதம் போடுகிறீர்கள். இரண்டின் டேட்டாஷீட்டிலும் 'மைக்ரோகிராமுக்கு 1 எண்டோடாக்சின் யூனிட்டுக்குக் கீழ்' என்று இருக்கிறது. மொத்தம் மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் புரதம், எனவே அதிகபட்சம் 0.1 யூனிட். ஒரு யூனிட் ஏறத்தாழ 100 பிகோகிராம் என்பதால் 10 பிகோகிராம் லிப்போபாலிசாக்கரைடு. விளிம்பில் நிற்கிறீர்கள். மைக்ரோகிராமுக்கு 0.01 யூனிட்டுக்குக் கீழ் என்று உறுதி சொல்லும் சரக்கு இந்தச் செல்களுக்கு விலை கூடினாலும் தகும்.

என் பி.எச்.டி.யின் இரண்டாம் வருடத்தில் நான்கு மாதம் இதில் போனது. ஆறாம் நாள் டென்ட்ரிடிக் செல்கள் முதிராமல் இருக்க வேண்டும், முதிர்ச்சியைக் காட்டும் மேற்பரப்புக் குறிகளில் சி.டி.83 தாழ்ந்து, சி.டி.86 மிதமாக. எனக்கு எதுவும் கொடுக்காமலே இரண்டும் உச்சத்தில். சைட்டோகைன் குப்பியைத்தான் சந்தேகப்பட்டேன். வேறு லாட், வேறு கம்பெனி, சீரம் மாற்றம் என்று எல்லாம் செய்தேன். கடைசியில் ஒரு சீனியர் அண்ணா வந்து, "செல்லை எதுல கழுவுற?" என்று கேட்டார். நாங்களே கலக்கி ஆட்டோக்ளேவ் செய்த பி.பி.எஸ். அதில் ஊற்றிய தண்ணீர், மாதக்கணக்கில் சுத்தம் செய்யாத வடிகட்டித் தொட்டியிலிருந்து வந்தது. ஆட்டோக்ளேவின் 121 டிகிரி பாக்டீரியாவைக் கொன்றுவிடும், அதன் சுவரை அழிக்காது. எண்டோடாக்சின் அழிய 250 டிகிரி உலர்வெப்பம் அரை மணி நேரம் வேண்டும். கண்ணாடிக்குச் சரி, திரவத்துக்கு வழியே இல்லை. அன்றிலிருந்து இந்தச் செல்களுக்கு எண்டோடாக்சின் அளவு அச்சிட்ட பாட்டில் பி.பி.எஸ். மட்டும்தான் தொடுகிறேன்.

அளப்பதற்குக் குதிரைலாட நண்டின் ரத்த செல் சாறு பயன்படும், எண்டோடாக்சினைக் கண்டதும் உறையும். அதில் முதலில் வேலை செய்யும் ஃபேக்டர் சி என்ற புரதத்தையே ரீகாம்பினன்ட் முறையில் செய்து நண்டுக்கு விடுதலை தரும் வழியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜியக் லிங் டிங், போ ஹோ தம்பதி கண்டார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்பது என் விருப்பம். குப்பியை மட்டும் அளக்காதீர்கள், சைட்டோகைன், மீடியம், சீரம் எல்லாம் கலந்த கடைசிக் கலவையையும் அளந்து பாருங்கள்.

விளைவு புரதத்தால்தானா என்று பிரித்துக்காட்ட மூன்று கட்டுப்பாட்டுச் சோதனைகள் உண்டு. கரைத்த திரவத்தை மட்டும், அதே ஆல்புமினோடு, அதே அளவு விட்ட குழி ஒன்று. இது இல்லாத சோதனையை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை. 95 டிகிரியில் கொதிக்கவைத்த சைட்டோகைன் அடுத்தது: புரதம் கெடும், எண்டோடாக்சின் பிழைக்கும். கொதித்த பிறகும் விளைவு நின்றால் சந்தேகம் உறுதி. மூன்றாவது, அந்தச் சைட்டோகைனை மட்டும் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி. மூன்றிலும் வலுவான சாட்சி இதுதான். பாலிமிக்சின் பி-யும் எண்டோடாக்சினை முடக்கும், ஆனால் பாக்டீரியாவின் லிப்போபுரதங்களையோ ஃப்ளாஜெலினையோ அது பிடிக்காது. அதை மட்டும் நம்பி 'சுத்தம்' என்று எழுதிவிடக் கூடாது.

நீண்ட கல்ச்சரில்

டி செல்களை இரண்டு வாரம் வளர்க்கிறீர்கள் என்றால் முதல் நாள் போட்ட இன்டர்லூகின்-2 நான்காம் நாள் இருக்காது. 37 டிகிரியில் தானாகக் குறைவது கொஞ்சம், செல்கள் ஏற்பியோடு உள்ளே இழுத்துத் தின்பது நிறைய. செல்லின் எண்ணிக்கை இரட்டிக்க இரட்டிக்கப் பசியும் இரட்டிக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதி மீடியத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். புதிய மீடியத்தில் மட்டும் டோஸைப் போட்டால் மொத்தத்தில் பாதிதான் சேரும். முழு அளவுக்குக் கணக்குப் போட்டு இரு மடங்காகக் கலந்து ஊற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் பாதிப் பசியோடு வளர்ந்த செல்களை நிறையப் பார்த்துவிட்டேன். நினைவு செல்களைக் காப்பாற்றி வளர்க்க வேண்டுமென்றால் இன்டர்லூகின்-2-ஐக் கூட்டிக்கொண்டே போவது உதவாது, இன்டர்லூகின்-7-ம் 15-ம் 10 நானோகிராம் அளவில் தொடங்கிப் பாருங்கள்.

லாட் மாறும்போது, எழுதும்போது

பழைய லாட்டின் கடைசி இரண்டு பங்குகளைத் தொடாமல் வையுங்கள். புதிய குப்பி வந்ததும் பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே செல்லில், ஒரே தட்டில் வைத்து ஸ்டாட்5 வளைவு போடுங்கள். புதியதின் பாதி விளைவு இரண்டு மடங்கு டோஸில் வந்தால் இனி இரண்டு மடங்கு போட வேண்டும், எடை எதுவாக இருந்தாலும். ஃப்ரீஸரில் ஒரு வருடம் இருந்த பங்கைச் சந்தேகப்பட்டாலும் இதே சோதனைதான்.

கட்டுரையில் 'இன்டர்லூகின்-2, 20 நானோகிராம்' என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த உயிரினத்துப் புரதம், எந்தச் செல்லில் செய்தது, 125-இல் சிஸ்டைனா செரினா, கேரியர் உண்டா, கேட்டலாக் எண், லாட் நம்பர், எதில் கரைத்தது, எண்டோடாக்சின் அளவு, சர்வதேச யூனிட்டில் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றியது, இத்தனையும் இரண்டே வாக்கியத்தில் அடங்கும். அந்த இரண்டு வாக்கியத்துக்கான விவரம் முழுவதும் பார்சல் வந்த அன்று நோட்டில் எழுதியிருக்க வேண்டும். கட்டுரை எழுதும் நேரத்தில் குப்பி குப்பைத்தொட்டிக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருக்கும்.